காக்டெயில் குஞ்சுகளில் ஆண், பெட்டை பிரிப்பது: வால் வரியை எப்போது நம்பலாம்?

தினைக்கூடு:

வணக்கம். இரண்டு ஜோடி காக்டெயிலின் (கொண்டை வைத்த சின்னக் கிளி) குஞ்சுகளை ஆண், பெட்டை என்று பிரிக்க வேண்டியிருக்கிறது.

முதல் கூட்டுப்பெட்டியில் ஆண் சாதா கிரே (சாம்பல்), பெட்டை லுட்டினோ (சாம்பல் இல்லாத வெளிர் மஞ்சள்). குஞ்சு நான்கு. மூன்று கிரே, ஒன்று லுட்டினோ. வயது 12 வாரம்.

இரண்டாம் பெட்டியில் இரண்டுமே கிரே. ஆண் வளர்ந்த பிறகு வாங்கியது, அதன் தாய் தகப்பன் தெரியாது. குஞ்சு ஐந்து. இரண்டு பேர்ல் (இறகில் முத்து முத்தாகத் திட்டு உள்ளது), மூன்று கிரே. வயது 5 மாதம் ஆரம்பம்.

ஒன்பதுக்கும் வால் அடியில் வரி இருக்கிறது, இறக்கை அடியில் பொட்டும் இருக்கிறது. அப்படிப் பார்த்தால் ஒன்பதும் பெட்டை என்றாகிறது, அது நடக்காத காரியம். இரண்டாம் பெட்டி கிரேயில் ஒன்றுக்கு மட்டும் முகத்தில் மஞ்சள் கொஞ்சம் தூக்கலாகத் தெரிகிறது. லுட்டினோ குஞ்சு என்றாலே பெட்டைதான் என்று சிலர் அடித்துச் சொல்கிறார்கள், அது சரியா? வால் இறகு ஒன்றைப் பிடுங்கிப் பார்த்தால் தெரிந்துவிடும் என்கிறார்களே, செய்யலாமா?

நோக்கம் இவ்வளவுதான்: கூடப்பிறந்தவை ஜோடி சேர்ந்துவிடக் கூடாது. பெட்டிக்கு ஒன்றாக எடுத்து ஜோடி போட வேண்டும்.

சாம்பல்சிறகு:

வணக்கம் தோழர். முகவெட்டு, கொண்டை உயரம், தலை அகலம் என்று யார் என்ன சொன்னாலும் ஒதுக்கி வையுங்கள். குஞ்சில் அதற்கெல்லாம் மதிப்பில்லை.

காக்டெயிலில் எல்லாக் குஞ்சும் பெட்டையின் உடுப்போடுதான் பெட்டியை விட்டு இறங்கும். வால் அடி வரி, இறக்கைப் பொட்டு, மங்கின முகம் மூன்றும் ஆணுக்கும் இருக்கும். முதல் இறகு உதிர்வு பெரும்பாலும் 4 முதல் 6 மாதத்துக்குள் தொடங்கும். முழுசாக முடிய 9 மாதம், சிலதுக்கு ஒரு வருஷம்கூட ஆகும். உதிர்ந்து முளைத்த இறகிலும் வரி தங்கினால்தான் பெட்டை. ஆகவே வரி இருக்கிறதா என்று பார்ப்பதற்கு முன்னால், பார்க்கிற இறகு பழசா புதுசா என்று பார்க்க வேண்டும். ஜோடி என்று காசு கொடுத்து வாங்கி வந்து, ஆறு மாதம் கழித்து இரண்டும் ஆணைப் போல் விசில் அடிக்கிற கதையெல்லாம் இதைப் பார்க்காததால் வருவது.

பழைய இறகின் நுனி நைந்து, ஓரம் பிசிறடித்து, நிறம் வெளுத்திருக்கும். புதுசு ஓரம் வெட்டினாற்போல் இருக்கும், நிறம் அடர்த்தியாக இருக்கும். முளைத்துக்கொண்டிருப்பது என்றால் அடியில் வெள்ளை உறை இன்னும் ஒட்டியிருக்கும்.

பிடிக்கிற விதம்: முதுகு உங்கள் உள்ளங்கையில் படும்படி, கழுத்தை ஆள்காட்டி விரலுக்கும் நடுவிரலுக்கும் நடுவே விட்டுப் பிடியுங்கள். நெஞ்சை அழுத்தவே கூடாது. பறவைக்கு உதரவிதானம் கிடையாது, நெஞ்சுக்கூடு விரிந்து சுருங்கினால்தான் மூச்சு. இறுக்கினால் சத்தமே போடாமல் மூச்சு முட்டிவிடும். இன்னொருவர் இறக்கையை மடிப்பு மூட்டில் பிடித்து விரிக்கட்டும், நுனியைப் பிடித்து இழுக்க வேண்டாம். பெரிய பறக்கும் இறகுகளின் அடிப்பக்கம், உள் ஓரத்தில் வரிசையாக முட்டை வடிவ மஞ்சள் பொட்டுகள் தெரியும். வளர்ந்த ஆணுக்கு அந்த வரிசை இருக்காது, பெட்டைக்கு நிலைத்திருக்கும்.

வாலில் பார்க்க வேண்டியது ஓர இறகுகள். நடுவில் நீண்டிருக்கிற இரண்டும் குழப்பும், விட்டுவிடுங்கள். ஓர இறகின் அடிப்பக்கம் குஞ்சிலும் பெட்டையிலும் மஞ்சள் தரையில் சாம்பல் கோடு நெளிநெளியாக ஓடும். ஆணில் அது ஒரே கருஞ்சாம்பலாகிவிடும். வரி வாலுக்குள் ஒரே ஒரு ஓர இறகு கோடில்லாமல் கறுப்பாக முளைத்திருந்தாலும் போதும், அது ஆண். மறுபேச்சில்லை. வரி வரியாகவே இருந்தால் மட்டும் எதுவும் சொல்ல முடியாது, காத்திருக்க வேண்டியதுதான்.

முகம் மஞ்சளாகிற குஞ்சைப் பற்றி: 5 மாதத்தில் முகத்தில் சுத்த மஞ்சள் புள்ளி புள்ளியாக ஏறுகிறது என்றால் ஆணாக இருக்கவே வாய்ப்பு அதிகம். வாலைவிட முகம் முந்திக்கொள்ளும். பெட்டைக்கும் கன்னத்தைச் சுற்றி மஞ்சள் உண்டு, ஆனால் அதில் சாம்பல் பூசினாற்போல் அழுக்காக இருக்கும். அலகின் அடி, கண்ணுக்கு மேலே, கொண்டையின் அடி இந்த மூன்று இடத்திலும் சாம்பல் கழன்று மஞ்சள் வருகிறதா என்று வாரத்துக்கு ஒருமுறை ஒரே வெளிச்சத்தில் போட்டோ எடுத்து ஒப்பிடுங்கள். நேரில் தினமும் பார்ப்பவருக்கு மாற்றம் பிடிபடாது.

இனி மியூட்டேஷன் (நிற வகை மரபு) கணக்கு. லுட்டினோ, பேர்ல், சின்னமன் மூன்றும் பாலினக் குரோமோசோமில் போகிறவை. பறவையில் ஆணுக்கு இரண்டு Z, பெட்டைக்கு ஒரு Z, ஒரு W. அதனால் இந்த மூன்றிலும் பெட்டைக்கு ஸ்பிளிட், அதாவது வெளியே தெரியாமல் உள்ளே மறைந்திருப்பது, கிடையாது. வெளியே காட்டும், இல்லையென்றால் உள்ளேயும் இருக்காது. ஆணுக்கு மட்டும்தான் ஒன்றை மறைத்து வைக்க இடம் உண்டு.

உங்கள் இரண்டாம் பெட்டிக்கு வருவோம். தாய் கிரே. ஆண் குஞ்சு பேர்லாகப் பிறக்க தாயிடமிருந்தும் ஒரு பேர்ல் வர வேண்டும், அவளிடம் அது இல்லை. ஆகவே இரண்டு பேர்லும் பெட்டை. தகப்பன் யாராக இருந்தாலும் இது மாறாது. 5 மாதம் என்ன, பேர்ல் இறகு எட்டிப் பார்த்த அன்றே சொல்லியிருக்கலாம்.

மூன்று கிரேதான் சிக்கல். அந்த ஆணுக்குள் பேர்ல் இருக்கிறது என்பது உறுதி, எப்படி இருக்கிறது என்பதுதான் கேள்வி. பேர்ல் ஆண் முதல் இறகு உதிர்விலேயே முத்துக்களைக் கொட்டிவிட்டுச் சாதா கிரேயாக நிற்கும். வளர்ந்த பிறகு வாங்கினால் அது பேர்ல் என்று யாருக்கும் தெரியாது. உங்களுடையது அந்த வகை என்றால் அதன் பெண் பிள்ளைகள் அத்தனையும் பேர்ல், ஆண் பிள்ளைகள் அத்தனையும் கிரே. அதாவது மூன்று கிரேயும் ஆண். வெறும் ஸ்பிளிட் என்றால் கிரேயில் பெட்டையும் கலந்திருக்கும். ஆணைப் பிடித்துப் பிடரி, தோள், இறக்கை மூடும் சின்ன இறகுகளை விலக்கிப் பாருங்கள். சில ஆண்களுக்கு இரண்டு மூன்று முத்து இறகு அங்கே ஒட்டிக்கொண்டே இருக்கும். கண்டால் கதை முடிந்தது. காணவில்லை என்றால் இரண்டும் சாத்தியம். மூன்றில் ஒன்று பெட்டையாக நிரூபணமானால் அந்த ஆண் ஸ்பிளிட்தான்.

முதல் பெட்டி: “லுட்டினோ குஞ்சு என்றாலே பெட்டை” என்பது தாய் லுட்டினோவாக இல்லாதபோது மட்டும் உண்மை. இங்கே தாயே லுட்டினோ. கிரே ஆணிடமிருந்து லுட்டினோ பிறந்திருக்கிறது என்றால் அவன் ஸ்பிளிட் லுட்டினோ. இந்த ஜோடியில் லுட்டினோ ஆண், லுட்டினோ பெட்டை, கிரே ஆண், கிரே பெட்டை நான்கும் சம வாய்ப்பு. நிறம் ஒரு துப்பும் தராது.

இதைத் திருப்பிப் போட்டிருந்தால், அதாவது லுட்டினோ ஆணுக்குக் கிரே பெட்டை சேர்த்திருந்தால், வேலையே இல்லை. பொரிந்த அன்றே கண்ணைப் பார்த்துவிடலாம். இமை மூடியிருக்கும்போதே தோலுக்கு உள்ளே சிவப்பாகத் தெரிந்தால் லுட்டினோ, அது பெட்டை. கறுப்பாகத் தெரிந்தால் ஆண். அடுத்த முறை ஜோடி போடும்போது நினைவில் வையுங்கள்.

கம்பிவலை:

மேலே சொன்னது எல்லாம் சரி, ஒன்று மட்டும் சேர்க்க வேண்டும். இந்த ஜோடிகள் தனித்தனிக் கூண்டிலா, பல ஜோடி ஒன்றாக இருக்கும் காலனியிலா? காலனி என்றால் தகப்பனை வைத்துப் போடும் கணக்கு எதையும் நம்ப வேண்டாம். ஒரே பெட்டியில் அடைகாத்தாலும் பெட்டை வேறு ஆணோடு சேர்ந்திருக்கலாம். இன்னொரு பெட்டை வந்து அந்தப் பெட்டியில் முட்டை போட்டுவிட்டுப் போவதும் உண்டு, அப்போது தாய்க் கணக்கும் போச்சு.

இறகு பிடுங்குவது பற்றி. செய்கிறவர்கள் இருக்கிறார்கள். பிடுங்கின இடத்தில் புது இறகு முழு நீளம் வர 6 முதல் 8 வாரம். பெரும்பாலும் வளர்ந்த பறவையின் கோலத்தில் வரும் என்பதுதான் நம்பிக்கை. ஆனால் இந்தச் சோதனை ஒரு பக்கம்தான் பேசும். கறுப்பாக முளைத்தால் ஆண். வரியோடு முளைத்தால் பெட்டையாக இருக்கலாம், அல்லது வயது போதாமல் குஞ்சு இறகே மறுபடி வந்திருக்கலாம். 12 வாரக் குஞ்சில் பிடுங்கி, வரி வந்ததும் பெட்டை என்று விற்றுவிட்டு, பிறகு திட்டு வாங்குகிறவர்கள் ஏராளம்.

எனக்கு இதில் உடன்பாடில்லை. இரண்டாம் பெட்டிக்குத் தானாகவே உதிரும் வயசு வந்துவிட்டது, பிடுங்க அவசியமே இல்லை. முதல் பெட்டிக்கு இன்னும் இரண்டு மூன்று மாதம் பொறுத்தால் காசும் இல்லை, வலியும் இல்லை.

செய்தே தீருவேன் என்றால்: ஒரே ஒரு ஓர வால் இறகு. அடிக்குழல் வெளுத்து, காய்ந்து, உள்ளே வெறுமையாக இருக்க வேண்டும். குழல் கருநீலமாகத் தெரிந்தால் அதில் ரத்தம் ஓடுகிறது, தொடாதீர்கள். வால் அடியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, இறகு முளைத்த திசையிலேயே ஒரே இழுப்பு. திருகக் கூடாது, மேல் நோக்கி வளைக்கக் கூடாது. திருகினால் முளைக்கும் குழி சேதமாகும், பிறகு அந்த இடத்தில் இறகு கோணலாக வரும், அல்லது வராமலே போகும். இறக்கையின் பெரிய இறகைப் பிடுங்கிப் பார்க்கிற வேலை அறவே கூடாது. அது எலும்போடு ஊன்றியிருப்பது.

ரத்த இறகு உடைந்துவிட்டால் சோள மாவை அள்ளி வைத்து, சுத்தமான துணியால் இரண்டு மூன்று நிமிடம் அழுத்துங்கள். நிற்கவில்லை என்றால் மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு ஓடுங்கள். இவ்வளவு சின்ன உடம்பில் ரத்தம் அதிகம் இல்லை.

காக்டெயிலுக்கென்றே ஒரு இலவசச் சோதனை உண்டு. ராத்திரியில் பல்லி ஓடினாலோ, வண்டி விளக்கு அடித்தாலோ மிரண்டு கூண்டுக்குள் அடித்துக்கொள்ளும். அதில் நாலைந்து வால் இறகு கொட்டிவிடும். எந்தக் குஞ்சுக்கு எந்தப் பக்கம் கொட்டியது என்று தேதியோடு எழுதி வையுங்கள். இரண்டு மாதத்தில் அந்த இடத்தில் என்ன முளைத்திருக்கிறது என்று பார்த்தால் போதும். இதற்காகவாவது காலில் கலர் பிளாஸ்டிக் வளையம் போட்டு வையுங்கள். ஐந்து கிரே ஓடும் கூண்டில் “அந்த மஞ்சள் மூஞ்சிக்காரன்” என்று எத்தனை நாள் அடையாளம் வைப்பீர்கள்?

தினைக்கூடு:

இருவருக்கும் நன்றி. தனித்தனிக் கூண்டுதான், காலனி இல்லை. ஆணைப் பிடித்துப் பார்த்ததில் இடது தோளில் ஒரே ஒரு இறகின் நடுவில் வெளிறின திட்டு இருக்கிறது. அது முத்தா, வெறும் நிறக்குறையா என்று சொல்லத் தெரியவில்லை. மஞ்சள் முகக் கிரேக்கு வாலின் வலது ஓரத்தில் ஒரு இறகு பாதி நீளம் முளைத்திருக்கிறது, அடியில் உறை ஒட்டியிருக்கிறது, கோடு கிடையாது, முழுக் கறுப்பு.

லுட்டினோவில் எப்படிப் பார்ப்பது? வாலைத் திருப்பினால் எல்லாமே வெளிர் மஞ்சளாகத்தான் தெரிகிறது.

சாம்பல்சிறகு:

அந்த மஞ்சள் முகம் ஆண். எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

தோளில் இருக்கிற திட்டு: முத்து என்றால் இறகின் நடுவில் மஞ்சளோ வெள்ளையோ இருந்து, சுற்றி ஓரம் சாம்பல் வளையமாகத் தெளிவாக நிற்கும். நிறம் மங்கி ஓரம் வரை கரைந்து போனால் அது முத்து இல்லை. ஒரே இறகை வைத்துத் தீர்ப்பு எழுத வேண்டாம். மீதி இரண்டு கிரேயையும் வாலை வைத்தே முடிவு செய்யுங்கள். இரண்டிலும் கறுப்பு வந்தால் ஆண் பேர்ல் என்ற சந்தேகம் வலுக்கும், அவ்வளவுதான். ஸ்பிளிட் ஆணுக்கும் இதே குஞ்சுகள் பிறக்கலாம் என்பதால் அது நிரூபணம் ஆகாது.

வைகைக்கரை:

லுட்டினோ வாலில் வரி இருக்கிறது சார், கண்ணுக்குத்தான் சிக்கவில்லை. காக்டெயில் இறகில் இரண்டு நிறமி. சாம்பலும் கறுப்பும் மெலனின். மஞ்சளும் கன்னத்து ஆரஞ்சும் சிட்டகோஃபல்வின் என்கிற, கிளி இனத்துக்கே உரிய நிறமி. லுட்டினோவில் மெலனின் போய்விடுகிறது, மஞ்சள் அப்படியே தங்குகிறது. ஆகவே சாதா பெட்டையில் மஞ்சளும் சாம்பலுமாக மாறி மாறி வருகிற வரி, லுட்டினோவில் மஞ்சளும் வெள்ளையுமாக வரும். வெள்ளையில் மஞ்சள் என்பதால் குழல் விளக்கின் கீழ் கரைந்துவிடும்.

காலை வெயிலில் ஒரு ஓர இறகை விசிறி போல் விலக்கி, ஒளி பின்னாலிருந்து வரும்படி பிடியுங்கள். அப்படியும் தெரியவில்லை என்றால் இருட்டறையில் டார்ச் முகப்பில் நீலக் கண்ணாடித் தாளை இரண்டு மடிப்பாகச் சுற்றி அடியுங்கள். மஞ்சள் நிறமி நீல ஒளியை விழுங்கிவிடும். அதனால் மஞ்சள் பட்டை இருண்டும் வெள்ளைப் பட்டை வெளிச்சமாகவும் பிரிந்து தெரியும். இறக்கை அடிப் பொட்டுக்கும் இதே வழி.

ஆனால் 12 வாரத்தில் பார்த்துப் பலன் இல்லை. அந்தக் குஞ்சு எதுவாக இருந்தாலும் இப்போது வரி இருக்கும். லுட்டினோவில் இன்னொரு சங்கடம், முகம் உதவாது. ஆண் பெட்டை இரண்டுக்கும் மஞ்சள் முகம்தான், மறைக்கச் சாம்பல் இல்லையே. வால், இறக்கை இரண்டும்தான் மிச்சம்.

மற்ற நிறம் வைத்திருப்பவர்களுக்கும் சொல்லிவிடுகிறேன். சின்னமனை அப்படியே கிரே மாதிரி பாருங்கள், கறுப்புக்குப் பதில் பழுப்பு, அவ்வளவே. ஒயிட்ஃபேஸில் மஞ்சள் நிறமி கிடையாது. வரி வெள்ளையாக இருக்கும், உதிர்வுக்குப் பிறகு ஆணுக்கு முகம் வெள்ளை, பெட்டைக்குச் சாம்பல். உண்மையில் அதுதான் எல்லாவற்றிலும் சுலபம், பளிச்சென்று தெரியும். ஒயிட்ஃபேஸும் லுட்டினோவும் சேர்ந்த வெள்ளை, நம்மவர்கள் அல்பினோ என்பது, அதில் இரண்டு நிறமியும் இல்லை. அதை இறகை வைத்துப் பார்க்க வழியே கிடையாது. பைடில் இன்னும் மோசம். நிறமில்லாத திட்டு எங்கே விழும் என்று ஒழுங்கு கிடையாது. வளர்ந்த பைட் ஆண்களில் பலவும் முகம் மாறாமலே இருந்துவிடும். பைடை வைத்துக்கொண்டு வாலைப் புரட்டுவது வீண் வேலை.

கோடியக்கூண்டு:

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். ஜீப்ரா ஃபின்ச் என்கிற சின்னக் குருவியில் இவ்வளவு காத்திருக்க வேண்டுமா? கிரே, ஃபான் (வெளிர் பழுப்பு), வெள்ளை கலந்து ஒரே கூண்டில் இருக்கின்றன. சில குஞ்சுக்கு இன்னும் மூக்கு கறுப்பு.

மஞ்சள்கொண்டை:

ஜீப்ராவுக்குக் காத்திருக்க நேரமே கிடையாது தம்பி, நீங்கள்தான் அவசரப்பட வேண்டும். குஞ்சு 3 வாரத்தில் கூட்டை விட்டு இறங்கும், 5 வாரத்தில் தானாகத் தினை கொத்தும், 3 மாதத்துக்குள் முட்டையே போட்டுவிடும். அண்ணன் தங்கை என்ற பேச்சே அதுங்களிடம் இல்லை. 8 வாரத்துக்குள் பிரித்துவிடுங்கள்.

மூக்கு கறுப்பாக இருக்கிறவரை குஞ்சு. 6 முதல் 8 வாரத்துக்குள் கறுப்பு அடியிலிருந்து விலகி நிறம் ஏறும். ஆனால் ஆணின் இறகு அதற்கு முன்பே எட்டிப் பார்க்க ஆரம்பிக்கும். கிரேயில் மூன்று இடம் பாருங்கள். கன்னத்தில் ஆரஞ்சு, நெஞ்சில் கறுப்புப் பட்டை, இறக்கைக்குக் கீழே விலாவில் வெள்ளைப் புள்ளியோடு செம்பழுப்பு. முதலில் முழுத் திட்டாக வராது. கன்னத்தில் நான்கைந்து ஆரஞ்சு மயிர், நெஞ்சில் அழுக்கு ஒட்டின மாதிரி ஒரு கறுப்புப் பொட்டு, அவ்வளவுதான் இருக்கும். நெஞ்சு இறகை ஊதி விலக்கிப் பாருங்கள். மூன்றில் ஒன்று தெரிந்தாலே ஆண். மூக்கு முழுசாக ஆரஞ்சாகி, 10 வாரம் கடந்தும் மூன்றில் ஒன்றுகூட இல்லை என்றால் பெட்டை.

வெள்ளையில் இறகு ஒன்றும் சொல்லாது, மூக்கு மட்டுமே. ஆணுக்கு நல்ல சிவப்பு, பெட்டைக்கு ஆரஞ்சு. பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் வித்தியாசம் தெரியும், தனியாகப் பார்த்தால் ஏமாறுவீர்கள். அதோடு மூன்று மாதம் தாண்டி நிறம் நிலைத்த பிறகு பாருங்கள். பிளாக் சீக் (கறுப்புக் கன்னம்) வகை இருந்தால் கன்னத்தை நம்பாதீர்கள், அதில் பெட்டைக்கும் கன்னத் திட்டு வரும். நெஞ்சுப் பட்டையையும் விலாவையும் பாருங்கள்.

ஃபானும் பாலினக் குரோமோசோமில் போவதுதான். ஃபான் ஆணுக்குக் கிரே பெட்டையைச் சேர்த்தால் ஃபான் குஞ்சு எல்லாம் பெட்டை, கிரே குஞ்சு எல்லாம் ஆண். ஆனால் நீங்கள் மூன்று நிறத்தையும் ஒரே கூண்டில் விட்டிருக்கிறீர்கள். அதில் எந்தக் கணக்கும் எடுபடாது.

கூடவே பெங்காலீஸ், ஜாவா குருவிகள் வைத்திருந்தால் இறகைத் தேடாதீர்கள். இரண்டிலும் ஆண் பெட்டை ஒரே உடை. ஆண் பாடும், பெட்டை பாடாது. பாடுகிறதைத் தனிக் கூண்டில் போட்டுக் காலுக்கு வளையம் மாட்டுவதுதான் முறை. பாடாததெல்லாம் பெட்டை என்று எடுத்துக்கொள்ளக் கூடாது, பாட இன்னும் வயசு வராத ஆணாகவும் இருக்கலாம்.

கம்பிவலை:

அடுத்ததாக யாராவது பட்ஜியைக் கேட்பதற்குள் சொல்லிவிடுகிறேன், நம்மூரில் லவ் பேர்ட்ஸ் என்று விற்கிற சின்னக் கிளி. அதற்கு இறகு வேண்டாம், மூக்குக்கு மேலே உள்ள சதையைப் பாருங்கள். குஞ்சில் ஆணுக்கு ஒரே சீரான இளஞ்சிவப்பு அல்லது ஊதா. பெட்டைக்கு வெளிர் நீலம், மூக்குத் துளையைச் சுற்றி வெள்ளை வளையம். அந்த வளையம்தான் முக்கியம். வெளிர் நீலத்தைப் பார்த்து ஆண் என்று நினைப்பது இங்கே அதிகம் நடக்கிற பிழை. லுட்டினோ, அல்பினோ ஆண்களுக்கு வளர்ந்தாலும் நீலம் வராது, இளஞ்சிவப்பாகவே நிற்கும். பட்ஜியில் இறகு சொல்வது வயசை மட்டும்: நெற்றி வரை கறுப்புக் கோடு இறங்கியிருந்தால் 3, 4 மாதத்துக்கு உட்பட்டது.

பீச்ஃபேஸ் ஆப்பிரிக்கன் லவ் பேர்ட் என்றால் மூக்கும் இல்லை, இறகும் இல்லை. டிஎன்ஏதான்.

தினைக்கூடு:

அந்த லுட்டினோவுக்கு டிஎன்ஏ செய்துவிடலாம் என்று தோன்றுகிறது. இறகு அனுப்பினால் போதுமா? கூண்டுத் தரையில் நிறையக் கிடக்கிறது.

வைகைக்கரை:

தரையில் கிடப்பது வேண்டாம். உதிர்ந்த இறகின் அடியில் உயிரணு மிச்சம் இருப்பது சந்தேகம். பல குஞ்சு ஓடுகிற கூண்டில் அது யாருடையது என்பதற்கும் உத்தரவாதம் இல்லை. நெஞ்சிலிருந்து புதிதாகப் பிடுங்கின சின்ன இறகு நான்கைந்து வேண்டும், அடிக்குழலின் நுனி முழுசாக இருக்க வேண்டும். அந்த நுனியை விரலால் தொடாதீர்கள். ஒரு பறவைக்கு ஒரு காகித உறை, பிளாஸ்டிக் கவர் வேண்டாம், ஈரம் சேர்ந்து பூஞ்சை பிடிக்கும். முதலில் உறையில் வளைய நிறமும் வயசும் எழுதிவிட்டுத்தான் பறவையைப் பிடிக்க வேண்டும். ஒன்றை முடித்து அடுத்ததைப் பிடிக்கும் முன் கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். முந்தினதன் தூசி ஒட்டினால், ஆணின் இறகோடு பெட்டையின் துணுக்கு கலந்து பெட்டை என்று முடிவு வந்துவிடும்.

ஏன் என்றால், சோதனையில் தேடுவது இரண்டு குரோமோசோமிலும் நீளம் வேறுபடுகிற ஒரு மரபணுத் துண்டை. ஆணுக்கு Z மட்டும் என்பதால் ஒரு கோடு, பெட்டைக்கு Z, W இரண்டும் என்பதால் இரண்டு கோடு. மாதிரி மட்டமாக இருந்து W கோடு எழாமல் போனால் பெட்டையை ஆண் என்று எழுதிவிடுவார்கள். ஆகவே அறிக்கையில் ஆண் என்று வந்து, ஒரு வருஷம் கழித்தும் வால் வரி புது இறகில் அப்படியே இருந்தால், வாலை நம்பிச் சோதனையைத் திரும்பச் செய்யுங்கள்.

ஒன்பதுக்கும் செலவழிக்க வேண்டாம். பேர்ல் இரண்டும் பெட்டை என்று கணக்கே சொல்லிவிட்டது, மஞ்சள் முகம் ஆண் என்று வால் சொல்லிவிட்டது. லுட்டினோவுக்கு மட்டும் இப்போது அனுப்புங்கள். முதல் பெட்டியின் மூன்று கிரேயும் இரண்டாம் பெட்டியின் மீதி இரண்டும் தானாகத் தெரிந்துவிடும்.

சாம்பல்சிறகு:

இடைக்கால ஏற்பாடு: இரண்டு பெட்டிக் குஞ்சுகளையும் கலக்க வேண்டாம், கலந்தால் எது எவருடையது என்பதே போய்விடும். பேர்ல் இரண்டையும் இன்றே வேறு கூண்டுக்கு மாற்றுங்கள், அவற்றின் அண்ணன்மார் 6, 7 மாதத்திலேயே ஏற ஆரம்பிப்பார்கள். முதல் பெட்டிக் குஞ்சுகளை 5 மாதம் வரை சேர்த்து வைக்கலாம், அதற்குள் ஆண்கள் விசிலில் மாட்டிக்கொள்ளும். ஒரே சத்தத்தைத் திரும்பத் திரும்பக் கத்துவது இரண்டும் செய்யும். ராகம் மாற்றி மாற்றி விசில் அடிப்பது, இறக்கையை உடம்பிலிருந்து விலக்கித் தோளைத் தூக்கிக்கொண்டு நடப்பது, மூக்கால் பெட்டியைத் தட்டுவது பெரும்பாலும் ஆண். விசில் அடிக்கிற பெட்டையும் அபூர்வமாக உண்டு என்பதால் வாலையும் சேர்த்துப் பாருங்கள். இடுப்பெலும்பைத் தடவிச் சொல்கிறேன் என்று யாராவது வந்தால் காபி கொடுத்து அனுப்பிவிடுங்கள், முட்டை வைக்காத இளசில் இரண்டுக்கும் எலும்பு நெருக்கமாகத்தான் இருக்கும்.

ஜோடி தெரிந்தாலும் ஒன்றரை வயசு வரை பெட்டி வைக்காதீர்கள். பெட்டி இல்லாமலே தரையில் முட்டை போட்டால் கணவாய் ஓடு கூண்டில் இருக்கிறதா பாருங்கள், வெளிச்ச நேரத்தை 10 மணி நேரத்துக்குக் குறையுங்கள்.